சில்லு வேண்டுமா, நேரம் வேண்டுமா

ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்குப் போகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. பெட்டியை அணைத்துவிட்டு, உள்ளே கட்டியிருக்கும் ஐஸ் இளகும்வரை அவன் சும்மாதான் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் வீட்டுக்காரர்கள் பேசுவார்கள். தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரைக்கும் எத்தனையோ சமையலறைகளில், கவிழ்த்துப் போட்ட பக்கெட் மேல் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். குரோம்பேட்டையில் ஒரு அக்கா ஃப்ரீசர் கதவைத் திறந்து காட்டி, “உள்ள ஒரு இமயமலையே வளத்து வெச்சிருக்கேன் தம்பி, பாத்து ஏறு” என்றார். சேலையூரில் ரிட்டயரான ஒரு சார், தரையெல்லாம் தண்ணீர் என்று கூப்பிட்டு அனுப்பியவர், “என் ஃப்ரிட்ஜுக்கும் எனக்கும் ஒரே வியாதிப்பா, அடக்க முடியல” என்றார். இதையெல்லாம் நான் மறப்பதில்லை. படிப்பு எட்டாவதோடு நின்றுபோனது. மிச்சத்தை இப்படி ஊரார் வாயிலிருந்துதான் பொறுக்கிக்கொண்டேன்.

பதிலுக்கு நானும் பேசுவேன். ஃப்ரிட்ஜ் குளிரை உள்ளே கொண்டுவருவதில்லை, உள்ளே இருக்கிற சூட்டை வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது, சந்தேகமென்றால் பின்பக்கம் கை வைத்துப் பாருங்கள் என்பேன். பல்லாவரத்தில் ஒரு அம்மா குளிர்ந்த சொம்பை என் முகத்துக்கு நேரே நீட்டி, “ஓட்டையே இல்ல, எங்கேந்துப்பா ஒழுகுது?” என்று கேட்டார். சொம்பு ஒழுகவில்லை அம்மா, காற்றிலேயே கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீர் ஆவியாக நிற்கிறது, சில்லென்ற இடத்தைத் தொட்டதும் அது திரும்பவும் தண்ணீராகிவிடுகிறது என்று சொன்னேன். அவர் சொம்பைத் துடைத்தார். அது மறுபடியும் வேர்த்தது. “அட, ஆமா” என்று சிரித்தார். ஒருவருக்கு ஒன்று புரிகிற அந்த நொடிக்காகவே நான் இந்தத் தொழிலில் இருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

அப்பா இறந்தது ஒரு கத்திரி வெயில் காலத்தில். பாரிமுனைப் பக்கம் ஒரு அச்சகத்தில் பைண்டராக இருந்தவர். தாம்பரத்தில் ஏறி பீச்சில் இறங்கி, பீச்சில் ஏறித் தாம்பரத்தில் இறங்கியே ஆயுள் கழிந்தது. ரிட்டயரான பிறகும் காலையில் ரயில் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்வார். அன்றைக்கு எழுந்து உட்காரவில்லை, அவ்வளவுதான்.

தங்கை பூனாவில் இருந்தாள். தகவல் சொன்னதும் கிடைத்த ரயிலில் ஏறிவிட்டாள். ஏறுவதற்கு முன்னால் போனில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: “அண்ணா, அப்பாவ எடுத்துடாதீங்க. மொகத்த ஒரு தடவ பாத்துக்கறேன். நான் வர வரைக்கும் வெச்சிருங்கண்ணா.”

வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். பொருளைக் கெடாமல் வைத்திருப்பதுதானே என் தொழில்.

ஐஸ் பெட்டி வந்தது. மேலே கண்ணாடி மூடி, கால்பக்கம் கம்ப்ரஸர், அடியில் தண்ணீர் இறங்க ஒரு குழாய். கொண்டுவந்தவர் எப்படிப் போடுவது என்று சொல்ல ஆரம்பித்ததும் சித்தப்பா குறுக்கே விழுந்து, “அவனுக்கேவா சொல்ற? அவன் இதுலயே பொறந்தவன்யா” என்றார். பெட்டி நன்றாகத்தான் ஓடியது. நான் கம்ப்ரஸர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அழ வந்தவர்களெல்லாம் என்னைப் பார்த்து, பிள்ளை அப்பாவின் காலடியை விட்டு நகரவில்லை என்று சொல்லிப்போனார்கள். நான் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் கண்ணாடி வேர்த்துவிட்டது. நம் ஊர்க் காற்றில் வேர்க்காமல் எப்படி இருக்கும்? அப்பாவின் முகத்துக்கு மேலே வெள்ளையாகப் படிந்தது. யாரோ துண்டால் துடைத்தார்கள். மறுபடியும் படிந்தது. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“டேய், கண்ணாடி மூடிக்குது பாரு.”

“அது அப்படித்தாம்மா.”

“உள்ள மூச்சு விடறார்டா.”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கண்ணாடி மேல் விரலை வைத்து ஒரு கோடு இழுத்தேன். ஈர விரலை அம்மாவிடம் காட்டினேன். “பாரும்மா, ஈரம் வெளிப்பக்கம் இருக்கு. உள்ளேந்து வர்றதில்ல. காத்துல இருக்கற தண்ணி இது.”

அம்மா என் விரலைப் பார்த்தார். பிறகு சொன்னார்: “அவர் கொறட்ட மூணு வீட்டுக்குக் கேக்கும். அவர் மூச்சு இந்தக் கண்ணாடியத் தாண்டாதா?”

பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். சிரித்துவிட்டு, சிரித்ததற்காகவே இன்னும் பலமாக அழுதார்கள். அம்மா இரண்டும் செய்யவில்லை. முந்தானையால் முகத்துக்கு நேரே துடைப்பார், படியும்வரை பார்ப்பார், மறுபடி துடைப்பார். படிகிறதா என்று பார்ப்பதற்காகவே துடைத்தார் என்று எனக்குப் பிறகுதான் தோன்றியது.

மறுநாள் காலையில் வந்துசேர வேண்டிய ரயில் ரேணிகுண்டாவுக்கு முன்னால் எங்கேயோ நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் செல்லிலிருந்து தங்கை பேசினாள். பாதிப் பேச்சில் சிக்னல் போய்விடும். “நகரவே மாட்டேங்குதுண்ணா, வெளிய வெறும் பொட்டக் காடு...” என்று கேட்கும், பிறகு ஒன்றும் இருக்காது.

அன்று வெயில் ஏறிய நேரத்தில் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு காக்கை அடிபட்டது. பட்டென்று ஒரு சத்தம். ஃபேன் நின்றது. அதுவரை யாரும் காதில் வாங்காத கம்ப்ரஸர் சத்தம் நின்றதும்தான் எல்லோருக்கும் கேட்டது போலிருந்தது. 

லைன்மேன் வந்து அண்ணாந்து பார்த்தார். ஃப்யூஸ் மட்டுமில்லை, உள்ளேயும் போயிருக்கிறது, சாமான் வரவேண்டும், சாயங்காலம் ஆகிவிடும் சார் என்றார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. சாவு வீடு என்று தெரிந்து செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வாசலுக்கே வந்து சொன்னார். ஜெனரேட்டருக்கு ஓடினேன். பெரிய முகூர்த்த நாள். முடிச்சூர் சாலையில் கேட்டேன், வண்டலூர்வரை போன் போட்டேன். எல்லா ஜெனரேட்டரும் ஏதோ ஒரு மண்டபத்தில் யாரோ ஒரு மணப்பெண்ணுக்கு விளக்கு போட்டுக்கொண்டிருந்தது. “நைட்டு சாப்பாடு முடிஞ்சதும் எட்த்தாந்து எறக்கிடறேன் மச்சான்” என்றான் ஒரு நண்பன். அவனிடம் இருந்தது அதுதான்.

எனக்கு இருந்த ஒரே ஆயுதம் மூடியைத் திறக்காமல் இருப்பது. திறக்காவிட்டால் உள்ளே இருக்கும் குளிர் கொஞ்ச நேரம் தங்கும். ஒரு துண்டை முறுக்கி மூடியின் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டினேன். ஆனால் நம்மவர்களுக்கு மாலை போடுவது என்றால் மார்பின் மேல் போட வேண்டும். கண்ணாடி மேல் வைத்துவிட்டுப் போனால் போட்டதாக ஆகாது. வருகிறவர்கள் ஒவ்வொருவரும் முகத்தைத் தொட்டு அழ வேண்டும். அதுவரைக்கும் நானேதான் எத்தனையோ பேருக்குத் திறந்து திறந்து மூடியிருக்கிறேன்.

கூடுவாஞ்சேரியிலிருந்து அத்தை வந்தார், அப்பாவின் தங்கை. கையில் சம்பங்கி மாலை. கட்டியிருந்த துண்டைப் பார்த்தார்.

“இது இன்னாடா கட்டு?”

“அத்த, கரண்ட் இல்ல. தொறந்தா சில்லுப்பு போயிடும். தங்கச்சி வரணும்.”

“அவளுக்கு அப்பா. எனக்கு அண்ணன் இல்லியா? எங்கண்ணனத் தொட ஒங்கிட்ட பர்மிசன் வாங்கணுமா? ஃப்ரிட்ஜு மெக்கானிக்கா இருந்தா ஃப்ரிட்ஜுக்கு இருடா.”

துண்டை அவிழ்த்தேன். அத்தை குனிந்து அப்பாவின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கதறினார். குளிர்ந்த காற்று கனமானது, கீழே இறங்கும். பெட்டியின் விளிம்பிலிருந்து அது வழிந்து என் பாதத்தின் மேல் விழுந்ததை நான் உணர்ந்தேன். ஒரு பூனைக்குட்டி காலை உரசிக்கொண்டு போகிற மாதிரி. வாசல் பக்கமாகப் போயேவிட்டது. எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

சித்தப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “பாரு, இனிமே தாங்காது. சுடுகாட்டுல சொல்லி வெச்சிருக்கு. காக்காவே வந்து கரண்டப் புடுங்கிட்டுப் போவுதுன்னா இன்னா அர்த்தம்? அண்ணனே கௌம்பறேன்றாரு.”

“அவ வந்துடுவா சித்தப்பா.”

“எங்க வந்துகிட்டிருக்கா? அதச் சொல்லு.”

எங்கே என்று எனக்கே தெரியாது. போன் போகவில்லை.

கண்ணாடியில் அதற்குள் மாற்றம் தொடங்கிவிட்டது. புகை மாதிரி இருந்த வெள்ளை முதலில் புள்ளி புள்ளியாயிற்று. புள்ளிகள் பக்கத்துப் புள்ளிகளோடு சேர்ந்து பருத்து, தாங்க முடியாமல் கோடு கோடாக ஓடி இறங்கின. பிறகு புதிதாக ஒன்றும் படியவில்லை. தலைப்பக்கத்திலிருந்து கண்ணாடி தெளிய ஆரம்பித்தது. கண்ணாடி தெளிகிறதென்றால் உள்ளே இருந்த குளிர் போய்விட்டது. அது எனக்குத் தெரியும். வந்தவர்கள், “இப்பத்தான் மொகம் நல்லாத் தெரியுது” என்றார்கள்.

அம்மா முந்தானையைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார். துடைப்பதற்கு ஒன்றும் இல்லை.

“நின்னுடுச்சுடா” என்றார்.

முதல் நாள் விடியற்காலையில் டாக்டர் கையை விரித்தபோது அழாத அம்மா அப்போதுதான் அழுதார். நானும் அழுதேன். நாங்கள் இரண்டு பேரும் அதே கண்ணாடியைப் பார்த்துத்தான் அழுதோம். அவருக்கு ஒன்று நின்றது, எனக்கு ஒன்று.

அந்த நேரத்தில்தான் மீன்காரம்மா வந்தார். கோவளம் பக்கத்துக்காரர். மார்க்கெட் ஓரத்தில் உட்கார்ந்து விற்றுவிட்டு, மீதியை மீன்பாடி வண்டியில் போட்டு எங்கள் தெருவழியாக விற்றுக்கொண்டு போவார். அப்பா அவரிடம் தினமும் சண்டை போட்டுத்தான் மீன் வாங்குவார். செவுளைத் தூக்கிப் பார்த்து, “இது போன வாரம் செத்தது” என்பார். “நீ வந்து பாக்கறதுக்கோசரம் ஒரு வாரம் காத்துகினு கீது, வாங்கிக்கோ” என்பார் அவர். அன்று உள்ளே வந்து அப்பாவைப் பார்த்துவிட்டு நின்றார். ஈரத் தரையைப் பார்த்தார். நின்றுபோன பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“இன்னா தம்பி, ஐஸு இல்லாம இன்னா பண்ணிகினு கீற?”

“தங்கச்சி வரணும்மா. வெச்சிருக்கணும்.”

“வண்டில கீதே! ஒரு பொட்டி ஃபுல்லா கீது. வாயத் தொறந்து கேட்டா இன்னா?”

சித்தப்பா முன்னால் வந்தார். “மீன் ஐஸா? அதப்போய் எப்படிம்மா...”

“இன்னா சாமி, மீனுக்குத் தனியா, மனுசனுக்குத் தனியாவா ஐஸு கட்றாங்கோ? எல்லாம் ஒரே தண்ணிதான். இந்தாளு எங்கையால வாங்கித் துன்னாத நாளு கீதா? இப்ப மட்டும் நாறுதா?”

சித்தப்பா நகர்ந்துகொண்டார். பொடித்த ஐஸை அன்னக்கூடையில் அள்ளி அள்ளிக் கொடுத்தார்கள். நான் அப்பாவின் இரண்டு பக்கமும், கையிடுக்கிலும், தோளோரத்திலும் அணைத்து வைத்தேன். சங்கரா மீன் வாடை வீடு முழுக்க எழுந்தது. பாதி வேலையில் மீன்காரம்மா கேட்டார்:

“உப்பு போடட்டா? போட்டா சில்லு ஏறும். ஆனா வெரசா கரஞ்சு பூடும். உனக்கு சில்லு வோணுமா, நேரம் வோணுமா?”

உப்பு போட்டால் என்ன ஆகும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அதை யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை.

“நேரம்மா” என்றேன். “நேரம்தான் வேணும்.”

மூடியை இறக்கினோம். குழாயின் அடியில் அகலமான ஒரு பேசினை வைத்தேன். சொட்டத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் அம்மா என் கையைத் தட்டினார். கண்ணாடியில், தோள் இருக்கும் இடத்தில், மறுபடியும் மெல்ல ஒரு வெள்ளை படிந்துகொண்டிருந்தது.

“வந்துடுச்சுடா. நான் சொன்னேன்ல?”

விரலால் கோடு இழுத்துக் காட்டியிருக்கலாம். “ஆமாம்மா” என்றேன்.

தங்கையின் போன் வந்தது. சென்ட்ரலில் இறங்கிவிட்டார்கள். பார்க் ஸ்டேஷனில் மின்சார ரயில். அதற்குப் பிறகு ஸ்டேஷன் வர வர மாப்பிள்ளை கூப்பிட்டுக்கொண்டேயிருந்தார். கிண்டி என்பார். நான் மூடியின் ஓரத்தைப் பார்ப்பேன். ஐஸின் மேல் விளிம்பு அப்பாவின் முழங்கைக்கு இறங்கியிருக்கும். பல்லாவரம் என்பார். பேசினைத் தூக்கி ஒரு பக்கெட்டில் ஊற்றிவிட்டு மறுபடி வைப்பேன். ரயில் வருவதையும் ஐஸ் போவதையும் கேட்டுக்கொண்டு நடுவில் நிற்பதைத் தவிர எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஒன்றை வேகமாக்கவும் முடியாது, ஒன்றை மெதுவாக்கவும் முடியாது. தாம்பரத்துக்கு முந்தின ஸ்டேஷன், சானடோரியம் என்று சொன்னபோது சித்தப்பாவே வாசலுக்குப் போய் நின்றார்.

தங்கை செருப்பைக் கழற்றாமலே ஓடிவந்தாள். தரையிலிருந்த தண்ணீரில் வழுக்கி, பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணாடி வெள்ளையாக இருந்தது. உள்ளங்கையால் துடைத்தாள். தெரிவதற்குள் மூடிக்கொண்டது.

“தெரியலண்ணா. ஒண்ணுமே தெரியல. தொறங்க.”

திறந்தேன். இனி எதைக் காப்பாற்றுவது? குளிர் வழிந்து போனது. அவள் குனிந்தாள். நான் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அழப்போகிற முகம் அழாமல் அப்படியே நின்றுவிட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“அண்ணா, இது அப்பா மாதிரியே இல்லையே.”

பெட்டியின் பக்கத்திலேயே இருந்த நான் கவனிக்கவில்லை. அப்போது அவள் கண்ணால் பார்த்தேன். உதட்டோரம் கறுத்திருந்தது. கன்னம் உள்ளே போய், மூக்கு யாருடையதோபோல் எழும்பி நின்றது. நெற்றி முழுக்க நீர்த்துளி. முகத்துக்காகத்தான் வைத்திருந்தேன். நான் தொட்டுப் பழகிய தண்ணீரும் ஐஸும் எவ்வளவு கெட்டாலும் திரும்பக் கூடியவை. இளகினதைக் கட்டலாம், கட்டினதை இளக்கலாம், கரண்ட் இருந்தால் போதும். இதற்கு என்னிடம் ஒரு கருவியும் இல்லை. அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் போய்விட்டார்.

அம்மா எழுந்தார். தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தார். ஐஸுக்குள் கையை விட்டு அப்பாவின் வலக்கையைத் துழாவி எடுத்தார்.

“மொகத்த வுடு. கட்டவிரலப் பாரு.”

ஆயுள் முழுக்கத் தாளை மடித்து மடித்து அழுத்திய விரல். நுனி சப்பையாகி, ஓரத்தில் மரத்துண்டு மாதிரி காய்த்திருக்கும். சின்ன வயதில் தங்கைக்கு ஜுரம் வந்தால் அந்த விரலால்தான் நெற்றியில் தைலம் தேய்ப்பார். சொரசொரவென்று இருக்கிறதென்று அவள் சிணுங்குவாள். அந்தக் காய்ப்பு அப்படியே இருந்தது. தங்கை அந்த விரலைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திக்கொண்டாள். பிறகு வாயைத் திறந்து அழுதாள். மீன்காரம்மா அவள் முதுகைத் தடவியபடி, “அழு கண்ணு, அழு. ஐஸு போனாப் போவுது” என்றார்.

பொழுது சாய்வதற்கு முன்னால் எடுத்துவிட்டோம். தெருமுனை தாண்டும்போது கரண்ட் வந்தது. திரும்பிப் பார்த்தேன், ஒவ்வொரு வீடாக வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்தது.

பக்கெட் தண்ணீரையெல்லாம் யாரோ யோசிக்காமல் சாக்கடையில் ஊற்றி வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். கடைசியாக வைத்த பேசின் மட்டும் கொல்லைப்புறத்தில் இருந்தது, நாலு விரல் உயரத் தண்ணீரோடு. அதைக் கொட்ட யாருக்கும் கை வரவில்லை. செடிக்கு ஊற்றலாமா என்றார் அத்தை. மீன் கழுவின மாதிரிதானே, கொட்டு என்றார் சித்தப்பா. ஆனால் அவரும் கொட்டவில்லை.  காலையில் பல் துலக்க வரும்போது அதைச் சுற்றிக்கொண்டு போனோம். வெயில் வேலையைச் செய்தது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் இறங்கி, பக்கத்தில் வட்டக் கோடு ஒன்றை விட்டுவிட்டுப் போயிற்று.

காரியத்துக்கு முன்னால் ஒரு காலை, தங்கைதான் கூப்பிட்டாள். பேசின் காய்ந்திருந்தது. அடியில் மெல்லிய வட்டமாக ஏழெட்டுச் செதில்கள் ஒட்டிக்கொண்டு, வெயில் பட்டு மினுமினுத்தன. தங்கை முகம் சுளித்து, “ஐயோ, அப்பா கூடவா இதெல்லாம் இருந்துச்சு?” என்றாள்.

அம்மா மெதுவாகக் குந்தி உட்கார்ந்தார். நகத்தால் ஒன்றைப் பெயர்த்து விரல் நுனியில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

“சங்கரா” என்றார். “அவருக்குப் புடிச்சதுதான்.”

பிறகு என் பக்கம் திரும்பி, “தண்ணி எங்கடா போச்சு?” என்று கேட்டார்.

பல்லாவரத்து அம்மாவுக்குச் சொன்ன பதில் நாக்கு நுனியில் இருந்தது. காற்றில்தான் இருக்கிறது, இங்கேயேதான், நம்மைச் சுற்றித்தான், கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அதைச் சொன்னால், அப்படியென்றால் அவர் மூச்சும் இங்கேதானே என்று அம்மா கேட்பார் என்பதும் எனக்குத் தெரியும். பேசினை எடுத்துக் குழாயடிக்குக் கொண்டுபோனேன்.